காரணம் என்ற கட்டம்

முறைப்பாட்டுப் புத்தகத்தில்
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
தீப்பெட்டி அகலம்.
எழுத்தைப் பொடியாக்கினால்
ஐந்து சொல் கொள்ளும்.

நோர்வூட் பொலிஸில் மொழிபெயர்க்கிறவன் நான்.
அழுகையை விட்டுவிட்டு
மிச்சத்தைச் சிங்களத்தில் சொல்லவேண்டும்.

இன்றைக்கு இரண்டு பேர், ஒரே லயம்.
ஏழாம் காம்பரா பவளராணிக்கு
நெற்றியில் நாலு தையல்.
எட்டாம் காம்பரா மரியபுஷ்பத்தின் மடியில்
நசுங்கிய அலுமினியக் குடம்.
சான்றுப்பொருள். தரமாட்டேன் என்கிறாள்.
வீட்டில் தண்ணீர் பிடிக்க வேறு இல்லையாம்.

"ஏன் அடிச்ச?"
"அவ கோழி."

கோழி என்று எழுதிவிடலாம். இடம் இருக்கிறது.
சார்ஜன் ஜயதிஸ்ஸ பேனையை மூடியும்விட்டார்.
ஆனால் அவள் வாய்
இன்று திறந்தால் மூடுகிற வாய் இல்லை.

கோழி கிளறியது லீக்ஸ் பாத்தியை.
பாத்தி போட்டது
போன மாதம் பதினொரு நாள் அரைப்பேர் விழுந்ததால்.
அரைப்பேர் விழுந்தது
புல் வெட்ட ஆள் போடாத மலையில்
கொழுந்தைத் தேடித்தேடி எடுக்கவேண்டியிருந்ததால்,
எடுத்ததிலும் ஈரத்துக்கென்று, சாக்குக்கென்று
கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ கழித்ததால்.
கணக்கப்பிள்ளையைக் கேட்டால் தொரை என்பார்.
தொரையைக் கேட்டால் கொழும்பு என்பார்.
கொழும்பைக் கேட்க
பஸ்ஸுக்குக் காசு வேண்டும்.

சரி, பாத்தி யார் பக்கம்?

பவளராணி தேநீர்க் கோப்பையில் விரல் நனைத்து
மேசையில் கோடு போட்டாள்,
பீலிக்கரையிலிருந்து கக்கூஸ் மூலைவரை.
மரியபுஷ்பம் அதைப் புறங்கையால் அழித்து
ஒரு சாண் தள்ளி இன்னொன்று போட்டாள்.

"உறுதி இருக்கிறதா என்று கேள்" என்றார் சார்ஜன்.
கேட்டேன்.
அப்போதுதான் இருவரும்
ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
சிரித்தார்கள் என்று சொல்லமாட்டேன்.
மூக்கு வழியாக ஒரு காற்று, அவ்வளவுதான்.

சுவர் கம்பனியுடையது. சுவரிலுள்ள இலக்கமும்.
கதவு, கூரை, கூரையின் ஓட்டை,
மேசையில் காய்ந்துபோன இரண்டு கோடும்
கம்பனிக்குச் சொந்தம்.
கோழி மட்டும் பவளராணியுடையது.
லீக்ஸ் மட்டும் மரியபுஷ்பத்துடையது.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல விளக்கம்.
மே தினத்தில் மேடையேறிச் சொல்லலாம்,
கைதட்டுவார்கள்.

எழுந்து போகையில் மரியபுஷ்பம்
எங்களைப் பார்க்காமல், கதவிடம் சொன்னாள்:
"எம்புள்ள செத்துக் கெடந்த அன்னைக்கு
செவுத்துக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடுச்சு."

லயத்தில் சுவர் கூரையைத் தொடுவதில்லை.
பன்னிரண்டு காம்பராவுக்கும்
மேலே ஒரே புகை, ஒரே இருமல்.

பவளராணி தையலைத் தொட்டுக்கொண்டாள்.
"எங்க வீட்டுல அப்ப ரேடியோவே இல்ல.
அது ஆறாம் காம்பரா."
கொஞ்சம் கழித்து:
"ஒம்பது வருசம். ஒரு வார்த்த கேட்டியா நீ?"

குடம் தரையில் வைக்கப்படும் சத்தம்.

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் சார்ஜன்.
"கோழியைப் பற்றித்தான் சேர்" என்றேன்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
அதற்கு மேல் வரவில்லை.
தமிழிலும் வந்திருக்காது.

கட்டத்தில் கோழி என்று எழுதிக் கையொப்பம் வாங்கினேன்.
ஒருத்தி கைநாட்டு.
மற்றவள் பெயரை எழுத்துக்கூட்டி,
ணகரத்தில் ஒரு சுழி கூடுதலாக.

பஸ்தரிப்பில் மழை. இருவரும் ஒரே தகரத்தின் கீழ்,
நடுவில் குடம் வைக்கிற இடைவெளி.
பேசினார்களா, தெரியாது.
என் பஸ் முதலில் வந்துவிட்டது.

ஜன்னலோரம் உட்கார்ந்தபின்
அண்ணன் ஞாபகம் வந்தது.
நாங்கள் பேசி ஆறு வருடம்.
ஏன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம்
"கூரைத் தகரம்" என்றே சொல்லிவந்திருக்கிறேன்.
இரண்டே சொல்.
கட்டத்துக்குள் அது
அத்தனை கச்சிதமாய் அடங்குவது
இன்றைக்குப் பயமாக இருந்தது.