இரண்டடி பின்னால்

கிரிம்ஸ்பியில் செவ்வாய்க்கிழமை மாலை,
நூலகத்து மாடி.
மீன் ஆலை ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தோம்.
கையுறை கழன்றுவிடும், மீன் வாடை கழலாது.
ஹீட்டர் பக்கத்து நாற்காலிக்கு
வழக்கம்போல அடெலினோ முந்திக்கொண்டார்.

'ஆசை' என்று பலகையில் எழுதினார் மிஸஸ் ப்ராக்கிள்ஸ்பி.
அதற்குக் கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே
வரிசையாக இறந்தகால வினைகள்.

ஹேமின் கையைத் தூக்கினான். முடிதிருத்துபவன்,
கேள்வியையும் ஒட்டத்தான் வெட்டுவான்:
"எனக்குக் கார் வேண்டும். இப்போது வேண்டும்.
அதற்கு ஏன் 'இருந்தது' என்று எழுதணும்?
என்னிடம் என்றைக்குமே கார் இருந்ததில்லையே."

அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.
பலகையை ஒட்டி நின்றார். "இது நிஜம்."
ஓரடி பின்னால் வைத்தார்.
"இது இப்போது இல்லாதது.
கார். வெயில். பக்கத்துத் தெருவில் மகன்."
இன்னோரடி வைத்தார்.
முதுகு அலமாரியில் இடித்தது,
மேலிருந்த உலக உருண்டை ஆடி நின்றது.
"இது அப்போதே இல்லாமல் போனது.
இதற்குப் பின்னால் இடம் கிடையாது.
கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்,
தூரத்தைப் பாருங்கள்."

பக்கத்துத் தெருவில் மகன் என்பது
பாடப் புத்தகத்தில் இல்லாத எடுத்துக்காட்டு.
யாரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த பக்கம், விருப்பங்கள்.
'பேசாதே' என்று சொல்ல மாட்டார்களாம்.
நீ பேசவில்லை, அதுதான் எனக்கு உவப்பு
என்பதுபோல் ஏதோ சொல்வார்களாம்,
உத்தரவை நேற்றைய தாளில் சுற்றி.
எனக்குக் காது சுட்டது.
மூன்று வருடமாக லைன் சூப்பர்வைசர்
இதே வாக்கியத்தைத்தான் என்னிடம் சொல்கிறார்.
பாராட்டுகிறார் என்று நினைத்து
ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லியிருக்கிறேன்.

என் லிதுவேனிய மொழியில்
ஆசைக்கென்று தனி விகுதி உண்டு.
நேற்றிடம் போய்க் கடன் கேட்க வேண்டியதில்லை.
ஆனாலும் எழுதினேன்.
முதலில் எழுதியது இரண்டடி வாக்கியம்.
அதை ரப்பரால் அழித்துவிட்டு
ஓரடியில் ஒன்று எழுதினேன்:
நான் இந்த ஊருக்கு மேயராக இருந்தால்.
அவர் குனிந்து
'வாஸ்' என்பதை அடித்து 'வேர்' ஆக்கினார்.
"ஒருத்திதானே நான்? அது பன்மைக்கு உரியதல்லவா?"
"ஆசைப்படும்போது மட்டும்," என்றார்,
"ஒருத்திக்கும் அனுமதி உண்டு."

அழித்த வரி அடுத்த தாளில்
பள்ளமாகப் பதிந்திருந்தது.
விளக்கைச் சாய்த்தால் படித்துவிடலாம்.
அதில் வரும் வினையின் மூன்றாம் வடிவத்தை
யாரும் எனக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.
இங்கே வந்த முதல் வாரமே
அகராதியில் தேடி எடுத்த சொல் அது.

ஃபிட்சும் தாளை வெறுமையாக நீட்டினான்.
"எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, மிஸ்,"
பிழையில்லாத நிகழ்காலத்தில்.
அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்,
மறுபடி கழற்றினார்.
பத்துக்கு எத்தனை போடுவது அதற்கு?

எட்டரைக்குக் காவலாளி கெல்வின்
சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.
"எல்லாரும் வீட்டுக்குப் போன நேரமாச்சு"
அப்படித்தான் காதில் விழுந்தது எனக்கு.
எட்டரை ஆனால் சொல்வார், தினமும்.

மிஸஸ் ப்ராக்கிள்ஸ்பி துள்ளாத குறை.
"கேட்டீர்களா? 'கோ' இல்லை! 'வென்ட்'!
புத்தகத்தை மூடுங்கள், இவரை எழுதிக்கொள்ளுங்கள்!"
கெல்வின் தான் என்ன தப்பு செய்தோம் என்று
முகம் சிவந்து தொப்பியைக் கழற்றினார்.

வென்ட். போனார்கள்.
துறைமுகப் பக்கமிருந்து மழை வந்து
ஜன்னலில் மோதியது.
கோட்டை எடுக்காமல், ஒருவரும் எழாமல்,
ஆறு பேரும் குனிந்து
எழுதிக்கொண்டிருந்தோம்.