அளவுப் புத்தகம், பக்கம் நாற்பத்தொன்று

முகத்துவாரத்துத் திட்டில் மொத்தம் பதினோரு அறைகள்.
நீளம் ஒன்பது அடி, அகலம் ஆறே கால்.
உயரத்தை எழுதவில்லை.
தானே புயல் கூரையைக் கொண்டுபோன பிறகு
உயரம் எங்கே முடிகிறதென்று
பொறியாளரும் சொல்லவில்லை.

நான் ஹமீதா பானு, ஒப்பந்த ஊழியர்.
நாடாவின் மறுமுனையில் படகோட்டி அஞ்சாப்புலி.
பிடிப்பதற்குத் தனிக் கூலி கேட்டிருக்கிறார்.
கடலூர் துறைமுகத்திலிருந்து உப்பனாற்றைக் கடக்க
இருபது நிமிடம், வத்தத்தில் நாற்பது.
தென்காற்று அடித்தால் சிப்காட் வாடையும்
கூடவே ஏறி உட்காரும்.

ஐந்தாம் அறைச் சுவர் பூக்கிறது.
காலையில் பார்த்தால்
முயல்குட்டி ரோமம்போல் வெள்ளை,
ஊதினால் பறக்கும்.
உள்ளேயிருக்கும் உப்பு
சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும்.
ஒவ்வொரு பூவுக்கும் நகத்தளவு சுவர் போகும்.
சிகிச்சை: காகிதக் கூழ், காய்ச்சி வடித்த நீர்.
அப்பி, காயவிட்டு, உரித்தெடு. மூன்று முறை.
நல்ல தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவருகிறோம்,
சுவர் குடிக்க.

பதிவேட்டின் நகலில்
ஐந்தாம் அறைக்கு ஒரு பெயர்தான் பிழைத்திருக்கிறது.
மற்றதைக் கரையான் படித்துவிட்டது.
மண்ணாங்கட்டி. தகப்பன் பெயர் தெரியாது.
குற்றம்: அளத்திலிருந்து அரைப்படி உப்பு.
தண்டனை: ஆறு மாதம்.
விடுதலைத் தேதிக்குக் கட்டம் இருக்கிறது,
மை இல்லை.

முன்னால் இரண்டோ மூன்றோ தங்காமல் போயிருக்கும்.
எமனுக்கு வேண்டாத பெயராகப் பார்த்து
வைத்திருப்பார்கள்.
எமன் ஏமாந்தான்.
உப்பு இலாகா ஏமாறவில்லை.

ஆறு மாதமும் அவன் கஞ்சியில்
உப்பு போட்டார்களா?
எழுதவில்லை.
ஆற்றில் உப்பு, காற்றில் உப்பு,
மீசை நுனியில் காய்ந்த உப்பு.
எதற்கும் வரி கட்டியிருக்க மாட்டான்.

இன்று உரித்ததை நிறுத்தேன்.
முந்நூற்றுப் பத்து கிராம், ஈரத்தோடு.
அஞ்சாப்புலி விரல் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.
"கசக்குது. ஆனா நம்ம உப்புதான்."
விதிப்படி ஆற்றில் கொட்ட வேண்டும்.
கொட்டினால் ஏத்தத்தில்
அஸ்திவாரத்துக்கே திரும்பி வரும்.
திரும்பச் சுரண்டுவோம்.
திட்டம் மூன்று ஆண்டு.

ஒரு இடம் மட்டும் பூக்கவில்லை.
வடக்குச் சுவர், தரையிலிருந்து இரண்டடி நாலங்குலம்.
உள்ளங்கையளவு குழி,
ஆட்டுக்கல்போல் வழவழப்பு.
உளித்தடம் இல்லை, வெடிப்பு இல்லை.
நிழலுக்காக அஞ்சாப்புலி அங்கே போய்ச்
சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.
பீடி பற்றவைக்கத் திரும்பினார்.
குழி சரியாக அவர் வாய்க்கு நேரே இருந்தது.

பீடியைப் பற்றவைக்காமலே எழுந்துவிட்டார்.

படிவத்தில்,
சேதத்தின் காரணம்: ஈரம், காற்று, உப்பு.
ஒன்றை வட்டமிட வேண்டும்.
செய்ய வேண்டிய பணி: பூசி நிரவுதல், தளமட்டத்துக்கு.
அதை அடித்துவிட்டு
'தொட வேண்டாம்' என்று எழுதினேன்.
பொறியாளர் ஏன் என்பார்.
சொல்ல என்னிடம் இருப்பது
இரண்டடி நாலங்குலம்.

"தண்ணி வத்துதும்மா" என்கிறார், படகிலிருந்து.
வாளியை இன்னும் கொட்டவில்லை.