விகுதி

நூற்று எண்பத்தொன்றிலிருந்து கூப்பிட்டார்கள்.
நீடாமங்கலம் பக்கம் அரிசி ஆலை,
வடக்கத்திப் பெண், தமிழ் தெரியாது,
உடனே வர முடியுமா.
கொதித்த குழம்பை இறக்கிவைத்துவிட்டு
திருவாரூர் பஸ் ஏறினேன்.

மையத்தில் நாற்காலிகள் காலி.
அவள் தரையில், சுவரோடு சுவராக.
மடியில் பிள்ளை,
பிள்ளை கையில் ஊறிப்போன பிஸ்கட்.
நெற்றியோரம் உமி ஒட்டியிருந்தது.
உமி என்றுதான் முதலில் நினைத்தேன்.

பெயர் ஃபூல்மதி.
ஏட்டம்மா பூமதி என்று எழுதினார்.
ஃ போடுங்கள் என்றேன்.
அதெல்லாம் வேணுமா?
வேணும்.
மூன்று புள்ளி வைத்தார், அழுத்தி.

கை நீட்டுவானா என்று கேட்டார்.
அதை அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோனால்
ஏதோ கொடுக்க வருகிற கை.
அவள் மொழியில் கை நீளாது, உயரும்.
அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால்
வகுப்பில் உள்ளேன் ஐயா சொல்கிற பிள்ளை.
அது எங்கே இறங்கியது என்று சொல்ல
இரண்டு மொழிக்கும் வாய் வரவில்லை.
அடிப்பானா என்றே கேட்டேன்.

எதனால் என்றார் ஏட்டம்மா.
ஏன் என்றும் கொள்ளலாம்,
எதைக் கொண்டு என்றும் கொள்ளலாம்.
காரணத்தை அவனிடம் கேட்டுக்கொள்ளட்டும்,
நான் இரண்டாவதைக் கேட்டேன்.
மூட்டை இழுக்கிற கொக்கி.
கூர்ப் பக்கம் இல்லை, பிடிப் பக்கம் என்றாள்,
ஏதோ அவனுக்கு ஒரு சலுகை வாங்கித் தருவதுபோல.

ஆக்னஸ் மேடம் வேலைக்கு எடுத்த அன்றே சொன்னது:
'அவள் சொல்கிறாள்' என்று ஆரம்பிக்கக் கூடாது.
அவள் நான் என்றால் நீயும் நான்.
அதனால் சொன்னேன்:
நான் ஓடினேன்.
பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.
சத்தம் வராமல் என் பிள்ளை வாயை
நான்தான் பொத்தினேன்.
ஏட்டம்மா பேனாவை நிறுத்தி
என்னைப் பார்த்தார்.
பிலாயில் பதினோரு வருஷம்,
இதில் ஒரு வரிகூட
நான் யாரிடமும் சொன்னதில்லை.

எப்படி இந்தி வரும் என்று எல்லோரும் கேட்பார்கள்.
பரீட்சை எழுதினீர்களா?
எங்கப்பா தார் வாளியோடு
ஸ்டேஷன் பலகையை அழிக்கப் போனவர்.
நான் படிக்கவில்லை.
குவார்ட்டர்ஸில் அடி தமிழில்தான் விழும்,
சுத்தமான கும்பகோணம் தமிழ், என் மாமன் மகன்.
பக்கத்து வீட்டு சரோஜ்
ஒன்றும் புரியாமல் கதவைத் தட்டி
பானி லோ என்பாள்.
தண்ணீர்தான் எனக்கு முதல் பாடம்.

வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.
என் கணவர் என்னை அடித்தார்.
அந்த 'ஆர்' தொண்டையில் நின்றது.
ஃபூல்மதியிடம் கேட்டேன்:
எங்கள் மொழியில் அடிக்கிறவனுக்கும்
வாலில் ஒரு மரியாதை உண்டு,
இருக்கட்டுமா, எடுக்கச் சொல்லட்டுமா?
பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.
மரியாதை கிடக்கட்டும் அக்கா,
கேஸ் நிற்குமா கேளுங்கள்.

கேட்டேன்.
ஏட்டம்மா ஜன்னலைப் பார்த்தார்.
வெளியே நெல் லாரி ஒன்று
தார்ப்பாய் படபடக்கப் போனது.
பார்க்கலாம் என்றார்.
தேக்கேங்கே என்றேன்.
இத்தனை நேரத்தில்
ஒரு அணுகூடச் சிந்தாமல்
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போன சொல்
அது ஒன்றுதான்.
அவள் சிரித்த மாதிரி இருந்தது.

ஐந்து நாள் இங்கே தங்கலாம்,
அப்புறம் தஞ்சாவூர் விடுதி,
இந்த இடத்தில் கையெழுத்து, இங்கே ஒன்று,
கட்டை விரல் வேண்டாம், எனக்கு எழுதத் தெரியும்.

பிள்ளை விழித்துக்கொண்டது.
எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
தண்ணி, என்றது.
தெளிவான தமிழ்.
ஆலை லைனில் எந்தக் கதவோ
இதற்கு முன்பும் திறந்திருக்கிறது.

நான் வாயைத் திறக்கவில்லை.
ஏட்டம்மாவே எழுந்து
டம்ளரைத் தேடினார்.