அடிவயிறு வெள்ளை

இரத்மலானை விமான நிலையப் பின்வாசலில்
அடையாள அட்டையை வாங்கிய சிப்பாய்
பெயரை இரண்டு தரம் வாசித்தான்.
மேரி சாந்தரூபி, ஜிந்துப்பிட்டி.
என்ன வேலை?
சிங்களத்தில் ஒரு சொல்தான் வாய்க்கு வந்தது:
கிந்தர.
நெருப்பு.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.
கையில் கொம்ப்ரஸர், பையில் தின்னர் மூன்று போத்தல்,
வாயில் நெருப்பு.
கப்டன் தெஹிகம ஓடி வந்திராவிட்டால்
இது வேறு இடத்தில் முடிந்திருக்கும்.

ஓட்டோக்களுக்குத் தீ வைப்பது என் தொழில்.
தெமட்டகொடையில் நாற்பது, பாணந்துறை பஸ் பதினொன்று,
ஒரு ஐஸ்கிரீம் வண்டி, அதற்கு மட்டும் நீலத் தீ.
பறக்கிற ஒன்றுக்கு இதுதான் முதல்.
என்னைவிட வயது கூடிய சின்னச் செஸ்னா.
மூக்கிலிருந்து வால்வரை எரிய வேண்டும் என்றார் கப்டன்,
பிறந்தநாள் கேக்குக்கு ஓடர் கொடுப்பதுபோல.

தகரமில்லை அது. தட்டினால்
மெல்லிசாகப் பதில் சொல்லும் அலுமினியம்.
எண்ண முடியாத ரிவெட்டுகள்;
ஒவ்வொரு தலையிலும் தீ இடறி, எழும்பி, ஓட வேண்டும்.
முதலில் மஞ்சள், கண்ணாடியில் மூச்சுவிடுகிற மாதிரி.
மேலே செம்மஞ்சள்.
ஓரத்துக்குப் பழுத்த கொச்சிக்காயின் சிவப்பு.
கதவைச் சாத்தினால் வேர்வை சொட்டிப் பெயின்ற் கெடும்,
திறந்தால் கடலின் உப்பு வந்து குந்தும்.

பொறியியலாளர் கல்ஹேன
என் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார்.
சுக்கானில் கை வைக்காதே, பூசினால்
கழற்றி மறுபடி சமநிலை பார்க்க வேண்டும்.
நெருப்புக்கு என்ன சேர் எடை?
நீ பூசினால் எடை.
ஆகவே என் தீ வாலுக்கு ஒரு சாண் முன்னே நின்றது,
படலைக்கு வெளியே நிற்கும் கடன்காரன் மாதிரி.

பிறகு எழுத்து.
நான்கு, ஆர், ஒரு கோடு, இன்னும் மூன்று.
பக்கத்தில் ஓரடி உயரம், இறக்கையின் அடியில் இருபது அங்குலம்.
நிழல் கூடாது. சாய்வு கூடாது. வால் முளைக்கக் கூடாது.
எழுத்தில் நெருப்புப் பிடிக்கவே கூடாது, என்றார் கல்ஹேன,
தூரத்திலிருந்து பார்த்தாலும்
யாரென்று தெரிய வேண்டும்.
யாரென்று தெரிய வேண்டும்.
என் அடையாள அட்டை இன்னும் வாசலில்தான் கிடந்தது.

நூல் பிடித்து, டேப் ஒட்டி, மல்லாந்து படுத்து
கறுப்பு அடித்தேன்.
என் சீவியத்தில் நான் எழுதிய ஒழுங்கான எழுத்து
எனக்கு அர்த்தமில்லாத அந்த ஐந்தும்தான்.

ஒன்பது வயதில் ஓரிரவு,
கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்க
கொழும்பு முழுக்க விளக்கு அணைந்தது.
யன்னலுக்குக் கீழே அம்மா என் தலையை அமுக்கினாள்.
கடல்பக்கமாய்ச் சிவப்புக் கோடுகள் மேலே போயின.
வானில் ஏதோ இருந்தது. எழுத்துத் தெரியவில்லை.
விடிந்து பாண் வாங்கப் போகையில்
தமிழில் காசு எண்ணாதே என்றாள்.
கப்டன் அன்றைக்கு எங்கே இருந்தாரோ.
கேட்கவில்லை. தேத்தண்ணி ஆறிவிடும்.

வேலை முடிந்து இரண்டு கிழமை.
காலி வீதியில் பஸ்சுக்கு நிற்க
தலைக்கு மேலே ஏறியது அது.
அண்ணாந்தேன்.
வெள்ளை.
அடிவயிற்றுக்கு நாங்கள் காசு பேசவேயில்லை.
பதினாறு நாள் வேலை, எண்ணூறு கிராம் தீ,
எல்லாம் பக்கவாட்டில், முகில்கள் பார்க்க.
கீழே நிற்பவர்களுக்கு
மூன்று சில்லும், இடது இறக்கையில் ஐந்து எழுத்தும்.
நன்றாகத் தெரிந்தது.

பக்கத்தில் நின்றவள் தன் பிள்ளையின் கையைப் பிடித்து
டாட்டா காட்டவைத்தாள்.
நானும் காட்டினேன்.
நூறாம் இலக்கம் வந்தது. அதன் விலாவிலும் தீ,
வேறு எவனோ அடித்தது.
நாக்குகள் எல்லாம் ஒரே அளவு.