மூன்றாம் வரிக்கு முந்தைய மூச்சு

இந்தக் கோடை முழுக்க
சான்துர்சே தெருக்களில் அந்த மூச்சுதான்.
கண்ணாடி இறக்கிப் போகும் கார்களில்,
சலவைக்கடையில்,
கரியில் வாட்டிய கோழிக்குச்சி விற்பவனின்
நசுங்கிய ஒலிபெருக்கியில்.
ரெகேடோன் தாளம்
இடுப்புக்கு முதலில் தெரிந்துவிடும்,
காலுக்குப் பிறகுதான் புரியும்.

மூன்றாம் வரிக்கு முன்னால்
நெரெய்தா ஒரு மூச்சு விடுவாள்.
பேருந்தில் நிற்பவர்கள்
ஒருவரையொருவர் பார்த்துவிடாமலிருக்கப்
பாடுபடும் இடம் அது.
வானொலிக்காரர் ஒருவர் அதை மட்டும்
ஒன்பது முறை போட்டுக் காட்டி
யாருக்காக விட்டது, சொல்லுங்கள் என்றார்.

எனக்குத் தெரியும்.
பதிவு செய்தவன் நான்.

ஜூன் பதினொன்று.
கரண்ட் போய் ஆறு மணி நேரம்.
என் துணி அலமாரிக்குள் மெத்தையைச் சாத்திவைத்து
மைக்கைத் தொங்கவிட்டிருந்தேன்.
மடிக்கணினியில் மிச்சம் பதினான்கு சதவீதம்.
பல் மருத்துவமனைச் சீருடையை அவள் மாற்றவில்லை;
கிராம்புத் தைலம் மணத்தது.
உள்ளே வெந்துவிடும் புழுக்கம்.

'கழுத்தோரம் உப்பு,
எண்ணிப் பார், அவசரமில்லை'
என்று பாடி நிறுத்தினாள்.
கழுத்தோரம் நிஜமாகவே உப்பு.
நான் எண்ணவில்லை.
எண்ணினேன்.

கரண்ட் வந்தது.
மேசை விசிறி திடுக்கிட்டு விழித்து
சுவரைப் பார்த்து, என்னைப் பார்த்து,
கடைசியில் அவள் பக்கம் திரும்பியது.
மேல் பொத்தானைக் கழற்றி
சட்டையைக் கழுத்திலிருந்து கொஞ்சம்
விலக்கிப் பிடித்தாள்.
நான்கு மாடியிலும் கைதட்டல்.
எதிர்வீட்டு நாய் வேறு.

நாயை அழித்தேன். கைதட்டலை அழித்தேன்.
மூச்சை மட்டும் விட்டுவைத்தேன்.

நேற்று பயமோனில் மேடை.
அந்த இடம் வந்ததும்
மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.
ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சு விட்டார்கள்.
கம்பிவடங்களின் நடுவே குந்தியிருந்த
என் முழங்காலில் பட்டது அந்தச் சூடு.

முடிந்ததும் பனிக்கட்டிப் பையைப்
பிடரியில் வைத்துக்கொண்டு வந்தாள்.
விசிறிக்கு விட்ட மூச்சு என்று
சொல்லிவிடலாமா என்றேன்.
சிரித்தாள். முழுதாகச் சிரிக்கவில்லை.
'எலியுட்,
அது நாய் குரைப்பதற்கு முன்னாலா,
பின்னாலா?'

விடியும்வரை பதிவைத் திருப்பிப் போட்டேன்.
பாட்டில் நாய் இல்லை.
நான்தானே அழித்தேன்.