மீனாட்சிபுரம், பால் சோதனைச் சாவடி

ராத்திரி பதினொன்றுக்கு முதல் டேங்கர்,
உடுமலைப் பால்.
குழாயில் பிடித்து, சொட்டு மருந்து விட்டு,
நிறம் மாறாவிட்டால் கையெழுத்து.
விடிவதற்குள் முப்பது வண்டி.
பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூக்கம்.

படியிறங்கும்போது இடுப்பு வலித்தது.
சித்தூர் டாக்டர் சீட்டைப் பார்த்தார்: ஒன்பது.
"ஷம்ஷாத், வெயிலு கொள்ளணும்" என்றார்.
நாங்கள் வெயில் காய்வோம்.
அவர்கள் கொள்கிறார்கள்,
பால் கொள்முதல் மாதிரி.

வைட்டமின் என்பது பேர்தான்,
பார்ப்பது ஹார்மோன் வேலை.
தோலின் கொழுப்பில் வெயில் பட்டுப் பிறக்கும்.
ஈரலில் ஒரு முத்திரை,
சிறுநீரகத்தில் இன்னொன்று.
இரண்டும் விழுந்தால்தான் அதன் பேச்சு எடுபடும்.
பிறகு குடலின் செல்லுக்குள்ளே,
அதன் கருவுக்குள்ளேயே போய்
எழுதிக் கிடக்கும் பக்கத்தைப் பிரிக்கும்:
கதவைத் திற, சுண்ணாம்பு வருகிறது.

அது வராத நாட்களில்
கழுத்துக்குள் நாலு சின்னச் சுரப்பிகள்
என் இடுப்பெலும்பில் கைமாற்று வாங்கி
ரத்தத்தின் கணக்கை நேர்செய்திருக்கின்றன.
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐந்து வருடம்.
டீயில் பால் குறைத்ததில்லை நான்.
எத்தனை எலும்புக்கான சுண்ணாம்பு
என் கையெழுத்தில் பாலக்காடு போயிருக்கும்!

இன்று பதினொன்றுக்கு, பகல் பதினொன்று,
சாவடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
முழங்கைவரை சுருட்டிவிட்டு உட்கார்ந்தேன்.
கணவாய்க் காற்று முக்காட்டை இழுத்தது.
எல்லைக் கல்லின் மேல் ஓர் ஓணான்
எனக்கு முன்பே வந்து
கொள்ள ஆரம்பித்திருந்தது.