இல்லாத வண்டியில் சில்லறை

முதல் வாரம் எல்லோரும் விழுந்தார்கள்.
தரையை வரைந்திருந்தார்கள்,
பலகையின் முடிச்சுகள்கூடத் தெரியும்படி.
ஆனால் நீ தரை என்று
தரையிடம் யாரும் சொல்லவில்லை.
கால் வைத்ததும் கீழே, கீழே,
சாம்பல் வெளியில் அடி காணாமல்.

"ஒரு கட்டத்தில் டிக் போட மறந்துவிட்டாய், பெக்துர்."
"தெரியும். இன்னொரு தடவை விழுந்துக்கட்டுமா?"

காராகோல். ஜனவரி. மைனஸ் பதினெட்டு.
கணினி அறையில் பதினொரு பேருக்கு
ஒரே ஒரு ஹெட்செட்.
அதன் நுரைப்பட்டையில் பதினொரு நெற்றியின் வியர்வை.
மூலையில் ஒரு வாளி.
வாளி எனக்காக.
பிள்ளைகள் பம்பரமாய்ச் சுழன்றாலும் அசைவதில்லை;
நான் இல்லாத படியில் மூன்று ஏறினாலே
இருக்கிற வயிறு புரள்கிறது.
சியிமிக் கோட்டுப் பையில் துழாவி
உப்புத் தயிர் உருண்டை ஒன்றை நீட்டுவான்,
மேலே கம்பளி நூல் ஒட்டியிருக்கும்.
ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொள்வேன்.

பாடத்திட்டம் என்று ஒன்று எழுதியிருந்தேன்.
இரண்டாம் வாரம் ஒளி.
மூன்றாம் வாரம் எதிரி.
எதிரி வாரத்தில் ஏழு டிராகன்கள் வந்தன,
இரண்டு ரோபோ,
தலைமையாசிரியரைப் போலவே நடக்கும் ஓநாய் ஒன்று
(அதை அழிக்கச் சொன்னேன், ஒரு பிரதி வைத்துக்கொண்டு).
நுர்ஸாதா மட்டும் வெறுங்கையோடு வந்தாள்.
"உன் ஆட்டத்தில் தடை எது?"
"கூட்டம்."

அவள் கட்டியது ஒரு மர்ஷ்ருத்கா,
ஏழரை மணி வண்டி, உட்காரப் பதினான்கு பேர்
ஏறியிருப்பவர்கள் இருபத்தாறு.
சன்னலில் பனி மூடியிருக்கும்.
விரலால் தேய்த்தால்
தேய்த்த அளவுக்கு மட்டும் தெரு.
அதற்கே அவளுக்கு ஒன்பது நாள் பிடித்தது.
நேரத்தை வீணாக்குகிறாய் என்றேன்.
சொன்னது நான்தான், இங்கே எழுதிவைக்கிறேன்.

பின்னாலிருந்து ஒரு கை நீளும்.
பத்து சோம் காசு.
வாங்கி முன்னால் கொடுக்க வேண்டும்,
முன்னவர் அவருக்கு முன்னவரிடம்,
கடைசியில் ஓட்டுநர்,
திரும்பிப் பார்க்காத ஒரு கழுத்து.
மிச்சம் அதே கைகள் வழியே
உரியவருக்குத் திரும்பும்.
அவ்வளவுதான் ஆட்டம்.
புள்ளி இல்லை. உயிர் போகாது.

"காசை நானே வைத்துக்கொண்டால்?"
"யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.
வண்டியில் பேச்சு மட்டும் நின்றுவிடும்."

வைத்துப் பார்த்தேன்.
நின்றது.
வாளி வரை போகாமலேயே ஹெட்செட்டைக் கழற்றினேன்.

பெற்றோர் வந்த நாள்.
டிராகன்களைத் தாய்மார்கள் பொறுமையாகக் கொன்றார்கள்.
பெக்துரின் அப்பா, நிலக்கரி லாரி ஓட்டுபவர்,
கை கழுவியும் நகக்கண் கறுப்பு,
"எனக்கு அந்த வண்டி" என்று நாற்காலியில் அமர்ந்தார்.
கைகளைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்;
அவர் காற்றில் வாங்கினார், காற்றில் கொடுத்தார்,
இடித்தவரிடம் "மெல்லப்பா" என்றார்.
அப்போது கரண்ட் போனது.

அறை இருட்டு. கண்ணாடிக்குள்ளும் இருட்டு.
அவர் கழற்றவில்லை.
சுரங்கப்பாதை என்று நினைத்திருக்கலாம்.
எங்கள் ஊரில் சுரங்கப்பாதை கிடையாது.
நீட்டிய கை நீட்டியபடி.

பின் வரிசையில் யாரோ எழும் சத்தம்.
ஒரு காசு அந்த உள்ளங்கையில் விழுந்தது,
மெய்யான காசு, குளிர்ந்தது.
"இரண்டு பேருக்கு" என்றது இருட்டு.
அவர் முன்னால் நீட்டினார்,
அங்கே சியிமிக்கின் கை இருந்தது,
அப்புறம் யாருடைய அம்மாவோ,
அப்புறம் மோதிரம் போட்ட ஒரு விரல்,
கரும்பலகையோரம் நின்ற என்னிடம் வந்து சேர்ந்தது.

மிச்சம் தரவேண்டும்.
பையைத் துழாவினேன். சில்லறை இல்லை.
பாதி கடித்த தயிர் உருண்டை இருந்தது.
அதைக் கொடுத்தனுப்பினேன்.

கைகைகையாய் அது பின்னால் போவது கேட்டது.
நுர்ஸாதா தன் நோட்டில்
இருட்டிலேயே ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.